தாலின் நகரத்து வெண்கலச் சிப்பாய்

பால்டிக் கடலோரத்தில் ஏறக்குறைய 13 லட்சம் ஜனங்களையே உடைய எஸ்தோனியா தேசத்தின் தலைநகராகிய தாலினில், தோனிஸ்மாகி என்னும் சிறு மேட்டின்மீது, இரும்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தலை கவிழ்ந்து நின்றுகொண்டிருந்த ஒரு சோவியத் சிப்பாயின் வெண்கலப் பிரதிமையை, 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டு அரசாங்கம் பெயர்த்து வேறிடம் கொண்டுபோக முற்பட்டபோது, நகரம் இரண்டு இரவுகள் கலவரத்தில் மூழ்கியது. ஒரு சிலைக்காக இவ்வளவு அமளியா என்று தூரத்திலிருப்பவர்கள் கேட்பது எளிது. அந்தச் சிப்பாய் யாரை நினைத்துத் தலை கவிழ்ந்தான் என்பதில் அந்நகரத்தார் அறுபது ஆண்டுகளாக ஒருமனப்படவில்லை என்பதையும், அவனை வைப்பதா எடுப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களில் எல்லாருக்கும் இருக்கவில்லை என்பதையும் அறிந்தவர்களுக்கோ அதில் வியப்பு ஒன்றுமில்லை.

1939 ஆகஸ்டு 23 அன்று ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் யூனியனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ரகசியப் பகுதி, எஸ்தோனியாவை மாஸ்கோவின் செல்வாக்குக்கு உட்பட்டதாக ஒதுக்கிவிட்டது. 1940 ஜூனில் சோவியத் ராணுவமாகிய செஞ்சேனை நாட்டைக் கைப்பற்றியது. மறு ஆண்டு ஜூன் 14 அன்று, குழந்தைகளும் முதியோரும் உட்பட சுமார் 10,000 பேர் ரயில்களில் ஏற்றி சோவியத் நாட்டின் உட்பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அதே கோடையில் ஜெர்மானியர் படையெடுத்து வந்து மூன்று ஆண்டுகள் ஆண்டார்கள். தப்பியோட இயலாமல் அங்கே எஞ்சியிருந்த ஏறக்குறைய 1,000 யூதர்கள் அக்காலத்தில் கொல்லப்பட்டனர். 1944 செப்டம்பரில் ஜெர்மானியர் பின்வாங்கத் தொடங்கியதும், ஒட்டோ தீஃப் என்பவரின் தலைமையில் ஒரு தேசிய அரசாங்கம் அமைந்து, நகரத்துக் கோட்டையின் உயர்ந்த கோபுரத்தில் எஸ்தோனியக் கொடியை ஏற்றியது. சில நாட்களே அது பறந்தது. செப்டம்பர் 22 அன்று செஞ்சேனை நகருக்குள் புகுந்தது. கொடியும் மாறியது, ஆட்சியும் மாறியது.

நாஜிகளை முறியடிக்கக் கோடிக்கணக்கான உயிர்களைப் பலிகொடுத்த ஒரு ஜனசமூகத்துக்கு அந்த நாள் வெற்றியின் நாள். ஓர் அந்நியனின் பிடியிலிருந்து வழுவி, முன்பே நன்கு அறிந்திருந்த இன்னொரு அந்நியனின் பிடியில் விழுந்த எஸ்தோனியருக்கோ அது இரண்டாம் அடிமைத்தனத்தின் ஆரம்பம். இரண்டு நினைவுகளும் மெய்யானவை. ஒன்றைப் பொய்யாக்கினால்தான் மற்றொன்று நிலைக்கும் என்று இரு தரப்பாரும் எண்ணத் தொடங்கியதே பிற்காலத்து விபரீதங்களுக்கெல்லாம் வித்து.

1945 ஏப்ரலில் சோவியத் சிப்பாய்களின் சடலங்கள் தோனிஸ்மாகியில் அடக்கம் செய்யப்பட்டு, மரத்தாலான ஒரு சின்னம் அங்கே நிறுத்தப்பட்டது. 1940-க்கு முன் நடந்த எஸ்தோனியரின் சுதந்திரப் போரில் மாண்டவர்களுக்கு ஊர்தோறும் எழுப்பியிருந்த ஸ்தூபிகளைச் சோவியத் ஆட்சி தகர்த்துவந்ததைக் கண்டு பொறாத இரண்டு பள்ளிச் சிறுமிகள், 1946 மே மாதத்து இரவொன்றில் அந்த மரச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இருவரும் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தகர்ந்த மரச் சின்னத்துக்குப் பதிலாகவே, நகரம் பிடிபட்ட மூன்றாம் ஆண்டு நிறைவன்று, 1947 செப்டம்பர் 22-இல், வெண்கலச் சிப்பாய் திறந்துவைக்கப்பட்டான். அவனை வார்த்த சிற்பி என்ன் ரோஸும், பின்னணியிலுள்ள கற்சுவரை வகுத்த கட்டடக் கலைஞர் அர்னோல்ட் அலாஸும் எஸ்தோனியர்களே. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தின் இரு பிரிவுகளிலும் தங்கம் வென்ற கிறிஸ்தியான் பாலுசாலுவின் சாயல் அந்த முகத்தில் இருக்கிறது என்று நகரத்தார் நெடுங்காலம் பேசிக்கொண்டார்கள். நகரத்தைப் பிடித்த படைகளில் எஸ்தோனியர் நிறைந்த ஒரு துப்பாக்கிப் படையும் இருந்தது. எதிர்ப்புறத்தில் ஜெர்மானியச் சீருடையில் நின்றவர்களிலும் எஸ்தோனியர் இருந்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு சேனையிலும் தம்பி மறு சேனையிலும் போரிட்ட நாடு அது.

யுத்தத்துக்குப் பின் ஜனத்தொகையின் உருவமே மாறிற்று. 1949 மார்ச்சில் இன்னும் 20,000-க்கு மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். புதிதாக எழுந்த ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ருஷ்யாவிலிருந்து தொழிலாளர் திரள்திரளாக வந்தனர். 1934-இல் நூற்றுக்கு 88 பேராக இருந்த எஸ்தோனியர் 1989-இல் 61 பேராகக் குறைந்தார்கள். 1991-இல் சுதந்திரம் மீண்டபோது, 1940-க்கு முன் பிரஜைகளாக இருந்தவர்களும் அவர்களுடைய சந்ததியாருமே இயல்பாகப் பிரஜைகள் என்றும், மற்றையோர் எஸ்தோனிய மொழிப் பரீட்சையில் தேறிப் பிரஜாவுரிமை பெறவேண்டும் என்றும் அரசு விதித்தது. பறிபோன தேசத்தைச் சட்டப்படி மீட்பவர்களுக்கு அது நியாயம். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து, ஒரு காலையில் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராகிச் சாம்பல் நிறக் கடவுச்சீட்டோடு நின்றவர்களுக்கு அது அவமானம். அவர்களுக்கு எஞ்சிய பொது விழா மே 9 வெற்றித் திருநாள் ஒன்றே. முதிய போர்வீரர்கள் மார்பில் பதக்கங்கள் அணிந்து, பேரப்பிள்ளைகளுடன் வந்து, ‘அல்யோஷா’ என்று தாங்கள் செல்லமாக அழைத்த சிப்பாயின் காலடியில் சிவப்புக் கார்னேஷன் மலர்களை வைத்தார்கள்.

புதிய அரசு முதலில் நிதானமாகவே நடந்துகொண்டது. சிலையின் முன் எரிந்த எரிவாயுத் தீபத்தை அணைத்து, கல்வெட்டை மாற்றி, இரண்டாம் உலக யுத்தத்தில் வீழ்ந்தவர்கள் அனைவருக்குமான சின்னமாக அதை ஆக்கியது. பத்தாண்டுகளுக்கு மேல் அந்த ஏற்பாடு தாங்கிற்று. 2004 செப்டம்பரில், லிஹுலா என்ற சிற்றூரில் ஜெர்மானியச் சீருடையணிந்த எஸ்தோனியச் சிப்பாயின் சின்னத்தை அரசாங்கம் அகற்றியதும், எங்கள் கல்லை எடுத்தீர்களே, அவர்கள் கல் மட்டும் ஏன் நிற்கவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. பிரதமர் அன்ட்ருஸ் ஆன்சிப் சிலையை அகற்றுவதாக வாக்களித்தார். அதற்கு வழிசெய்ய 2007 ஜனவரியில் யுத்த சமாதிகளின் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் நிறைவேறியது. மார்ச்சில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி முதலிடம் பெற்றது. பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை இல்லாத ருஷ்ய மொழியாளர் லட்சத்துக்கும் மேல் இருந்த நாட்டில், அவர்களுடைய இறந்தோரைப் பற்றிய விவகாரம் தேர்தல் மேடையில் தீர்ந்தது.

ஏப்ரல் 26 அதிகாலையில் போலீசார் மேட்டைச் சுற்றி வேலியிட்டு, சமாதிகளின்மேல் பெரிய வெள்ளைக் கூடாரம் அமைத்தார்கள். மாலையில் கூடிய கூட்டம் இரவில் கட்டுக்கடங்காமல், கடைகளின் கண்ணாடிகளை நொறுக்கிச் சூறையாடியது; ஓர் இளைஞன் கத்திக்குத்துப்பட்டு மாண்டான்; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பிடிபட்டு, சிறைகள் போதாமல், துறைமுகத்தின் பயணிகள் நிலையத்தில் அடைக்கப்பட்டனர். அன்றிரவே சிலை பெயர்க்கப்பட்டு, நான்கு நாட்களில் ராணுவ மயானத்தில் நிறுத்தப்பட்டது; கூடாரத்துக்குள் தோண்டியெடுக்கப்பட்ட பன்னிரண்டு பேரின் எலும்புகளில் சில உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டு, மற்றவை அதே மயானத்தில் மீண்டும் அடக்கமாயின. மாஸ்கோவில் இளைஞர் கூட்டமொன்று எஸ்தோனியத் தூதரகத்தை முற்றுகையிட்டது. எஸ்தோனியாவின் வங்கிகளும் பத்திரிகைகளும் அரசு அலுவலகங்களும் நம்பியிருந்த கணினி வலைகள் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. மறு ஆண்டு தாலினில் நேட்டோவின் கணினிப் பாதுகாப்பு மையம் நிறுவப்பட்டது இதன் தொடர்ச்சியே.

ஆட்சி மாறும்போதெல்லாம் சிலை மாறுவது தாலினுக்குப் புதிதல்ல. 1910-இல் அங்கே எழுந்த ஜார் முதலாம் பீட்டரின் சிலையை எஸ்தோனியக் குடியரசு 1922-இல் அகற்றியது. உக்ரேன்மீது ருஷ்யா படையெடுத்தபின், 2022 ஆகஸ்டில், பெரும்பாலும் ருஷ்ய மொழி பேசும் நார்வா நகரத்தருகே நின்ற டாங்கிச் சின்னமும், அண்டை நாடான லாட்வியாவின் ரீகாவில் 79 மீட்டர் உயர்ந்திருந்த வெற்றித் தூணும் அகற்றப்பட்டன. ஆக்கிரமிப்பின் சின்னத்தைத் தன் தலைநகரத்தின் நடுவில் வைத்துக்கொள்ள ஒரு சுதந்திர தேசம் கடமைப்பட்டதல்ல. மயானத்துக்கு மாற்றியது இறந்தோருக்கு அவமதிப்பும் அல்ல, இன்றும் மே 9-இல் மலர்கள் அங்கே குவிகின்றன. ஆனால் அந்தத் தீர்மானத்தால் யார் மனம் புண்படுமோ அவர்களிடம் கலந்து பேசாமல், அவர்களில் பெரும் பகுதியினருக்கு வாக்கும் அளிக்காமல், வேலியும் போலீசும் கொண்டு காரியத்தை முடித்தது அரசு. 2025-இல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தம், ருஷ்யப் பிரஜைகளுக்கு உள்ளாட்சித் தேர்தலில் இருந்த வாக்குரிமையையும் நீக்கியிருக்கிறது. படையெடுக்கும் அண்டை நாட்டைக் கண்டு அஞ்சும் ஒரு சிறு தேசத்தின் நியாயத்தை நாம் மறுக்கவேண்டியதில்லை. சிலை எங்கே நிற்பது என்ற வழக்கு ஓர் இரவில் தீர்ந்துவிட, யார் அந்த ஊரார் என்ற பழைய வழக்கோ தீராமலே தொடர்கிறது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.