வீணையைக் காரில் ஏற்றிச் செல்லுதல்

சரஸ்வதி வீணையை முறிவு, வெப்பம், தூசு, ஈரம் ஆகியவற்றிலிருந்து காத்து, உடன் பயணம் செய்வோருக்கும் அதனால் அடிபடாதவாறு காருக்குள் வைத்துக் கொண்டுசெல்லும் முறை பற்றியது இக்கட்டுரை. செட்டிநாட்டில் இந்தப் பொருளுக்குத் தனித் தேவை உண்டு. வீணை வாசிப்பில் ஒரு பாணிக்கே பெயர் கொடுத்த ஊர் காரைக்குடி. ஆனால் வீணை செய்வோரும் பழுது பார்ப்போரும் மிகுதியாக இருப்பது தஞ்சாவூரில். காரைக்குடியிலிருந்தோ, அதை ஒட்டிய கோவிலூரிலிருந்தோ புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போவதென்றால் 400 கிலோமீட்டருக்கு மேல். கோடையில் கொளுத்தும் வெயிலும் செம்மண் புழுதியும் உள்ள இந்த வட்டாரத்தில், வீட்டுக்குள் ஐம்பது ஆண்டு கெடாமல் இருந்த கருவி ஒரே பயணத்தில் கெட்டுவிடக்கூடும்.

காரைக்குடிப் பாணி

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்து வீணைக் குடும்பத்தில் பிறந்து காரைக்குடியில் குடியேறிய சகோதரர்கள் சுப்பராமையர், சாம்பசிவையர். மூத்தவரான சுப்பராமையர் (பிறப்பு 1883) வீணையை மடியில் கிடத்தாமல் செங்குத்தாக நிறுத்தி வாசித்தார். இளையவரான சாம்பசிவையர் (1888–1958) வழக்கம்போல் கிடத்தியே வாசித்தார். இருவரும் சேர்ந்து அளித்த கச்சேரிகளால் 'காரைக்குடி வீணை' என்ற பெயர் தமிழகமெங்கும் நிலைத்தது. சாம்பசிவையர் 1952-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். பின்னாளில் கலாக்ஷேத்திராவில் கற்பித்தார். அவரிடம் சிறுவயதிலிருந்தே பயின்ற ரங்கநாயகி ராஜகோபாலன் இந்தப் பாணியை அண்மைக் காலம் வரை வாசித்துக் காட்டினார்.

சுப்பராமையர் நிறுத்தி வாசித்ததைச் சொல்லி, காரிலும் வீணையை நிறுத்தி வைக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அது பொருந்தாது. வாசிக்கும்போது கருவியை உடலும் இரு கைகளும் தாங்குகின்றன. காரில் நிறுத்திய வீணைக்கு அந்தத் தாங்கல் கிடையாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் முழு ஆட்டமும் கழுத்தில்தான் இறங்கும்.

கருவியின் வலுவும் மெலிவும்

வீணை ஏறத்தாழ நான்கு அடி நீளமுள்ளது. எடை அளவுக்கேற்ப ஆறேழு கிலோ வரும். பெரும்பாலும் பலா மரத்தில் செய்யப்படுகிறது. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே கட்டையில் குடைந்தெடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பயணத்தில் கவலைப்பட வேண்டிய இடங்கள் நான்கு. குடமும் தண்டியும் சேரும் இடம். தண்டியின் முனையில் யாளி வளைந்து இறங்கும் கழுத்து. குடத்தின் மேற்பலகையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை. தண்டியின் மேல் மெழுகில் பதித்த 24 மெட்டுகள். ஒட்டு வீணை விழுந்தாலோ முட்டினாலோ ஒட்டிய இடத்தில்தான் முதலில் விட்டுப்போகும். ஏகாந்த வீணைக்கு அந்த ஒட்டு இல்லை. ஆனால் அது பிளந்தால் இழைப்படியே நீளமாகப் பிளக்கும், பழுது பார்ப்பது இன்னும் கடினம். ஆகவே ஏகாந்த வீணை வைத்திருப்பவர் துணிச்சலாக இருக்கலாம் என்பது சரியான முடிவல்ல.

தண்டியின் அடியில் பொருத்தும் சுரைக்காய் இப்போது பெரும்பாலும் காகிதக்கூழ், ஃபைபர் அல்லது உலோகத்தில் வருகிறது. பல வீணைகளில் அதைத் திருகிக் கழற்ற முடியும். கழற்ற முடிந்தால் பயணத்துக்கு முன் கழற்றித் தனித் துணிப்பையில் வைப்பதே நல்லது. கழற்றாமல் பெட்டிக்குள் வைத்தால் சுரைக்காய் அடியில் முட்டி, தண்டியை மேல்நோக்கி நெம்பிக்கொண்டே வரும்.

தந்திகளைப் பயணத்துக்கு முன் சற்றுத் தளர்த்துவது வழக்கம். மீட்டும் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று, ஆக ஏழையும் ஒன்றிரண்டு சுரம் இறக்கினால் போதும். முழுவதும் அவிழ்த்துவிடக் கூடாது. தந்திகளின் இழுப்புத்தான் குதிரையை இடத்தில் நிறுத்துகிறது. அது போனால் குதிரை நகர்ந்து மேற்பலகையில் கீறல் விழும்.

காருக்குள் இடம்

ஓர் ஆள் உட்காரக்கூடிய இடத்தை வீணைக்கு விட்டுத்தர வேண்டும் என்பதே இதில் முதல் விதி. பெட்டியோடு சேர்த்து வீணையின் நீளம் நான்கரை அடியை நெருங்கும். பழைய அம்பாசடர் காரின் பின் இருக்கை அகலமான ஒரே பலகை போன்றது. அதில் வீணையைக் குறுக்காகக் கிடத்த முடிந்தது. இன்றைய சிறு கார்களில் பின் கதவுகளுக்கு இடையே அந்த அகலம் பலவற்றில் இல்லை. மெத்தென்ற உறையிலிட்ட வீணை அடங்கும் காரில், கெட்டிப் பெட்டியிலிட்ட அதே வீணை அடங்காமல் போகலாம். கச்சேரிக்குப் புறப்படும் காலையில் இதைக் கண்டுபிடிப்பதைவிட, முதல் நாளே வெறும் பெட்டியை வைத்துப் பார்த்துவிடுவது மேல்.

குறுக்காக அடங்கும் காரில், மெட்டுகள் மேல்நோக்கி இருக்கக் கிடத்தி, தண்டியின் கீழ் ஒரு சிறு தலையணை வைத்து, ஒரு சீட் பெல்ட்டைக் குடத்தின் பக்கமும் மற்றொன்றைத் தண்டியின் பக்கமும் பெட்டியைச் சுற்றிப் பூட்ட வேண்டும். குடத்தை ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தால் ஏற்றி இறக்கச் சாலையோரக் கதவையே பயன்படுத்தலாம்.

குறுக்காக அடங்காவிட்டால் நீளவாக்கில் வைக்க வேண்டும். பின் இருக்கையின் முதுகை ஒரு பக்கம் மட்டும் மடக்கக்கூடிய கார்கள் இதற்கு ஏற்றவை. இங்கே திசை முக்கியம்: குடம் முன்பக்கமும் யாளி பின்பக்கமும் இருக்க வேண்டும். கார் சட்டென்று நிற்கும்போது கருவியின் எடை முழுவதும் முன்னோக்கிப் பாயும். குடம் முன்னால் இருந்தால் அது முன் இருக்கையின் முதுகில் சாய்ந்து நின்றுவிடும். யாளி முன்னால் இருந்தால், குடத்தின் எடை முழுவதும் அந்த மெல்லிய கழுத்தின் வழியாகவே இருக்கையை மோதும். குடத்துக்கும் இருக்கை முதுகுக்கும் இடையில் வெற்றிடம் விடாமல் போர்வையைத் திணிப்பது அவசியம்.

ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. அவை பெரும்பாலும் 150 முதல் 190 சென்டிமீட்டர் நீளம். விளிம்பில் கூரிய எஃகுப் பட்டை. அதனால் அங்கே விற்கும் பல கார்களில் பின் இருக்கை முதுகின் நடுவில் சிறு கதவு ஒன்று வைத்து, டிக்கியிலிருந்து கட்டைகளை நீளமாகச் செருக வழி செய்திருக்கிறார்கள். உருகும் பனிநீர் இருக்கையை நனைக்காதபடி நீண்ட பையும் உண்டு. அந்தக் கதவு இந்தியாவில் விற்கும் சில கார்களிலும் இருக்கிறது. ஆனால் வீணையின் குடம் அதில் நுழையாது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: நீண்ட பொருளைக் கட்டாமல் காருக்குள் வைக்கலாகாது என்ற கண்டிப்பு.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் எளிய கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பொருளின் வேகம், ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழும் பொருள் தரையைத் தொடும்போது உள்ள வேகம். கார் மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், ஏழு கிலோ வீணையைப் பிடித்து நிறுத்த சுமார் 100 கிலோ எடைக்குரிய விசை வேண்டும். பின் இருக்கையில் அமர்ந்து வீணையை மடியில் ஏந்திக்கொண்டு வருவது நம் பக்கத்தில் பரவலான பழக்கம், அன்பினால் செய்வது. ஆனால் அந்த விசையை எந்தக் கையாலும் தாங்க முடியாது. வீணையும் போகும், ஏந்தியவர் முகமும் முன் இருக்கையில் இருப்பவர் தலையும் அடிபடும். குழந்தைகள் உள்ள காரில் இதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

டிக்கி வீணைக்கான இடமல்ல. பெரும்பாலான கார்களில் அங்கு நீளம் போதாது; போதுகிற பெரிய வண்டிகளிலும் ஸ்டெப்னி, ஜாக்கி, மற்றப் பெட்டிகள் உருண்டு மோதும். கூரைமேல் கட்டுவது இன்னும் மோசம். வெயிலும் மழையும் காற்றின் உதறலும் ஒன்றுசேர்ந்து தாக்கும்.

கோவிலூரிலிருந்து காரைக்குடிக்குப் பாட்டு வகுப்புக்குப் போவது போன்ற குறும்பயணங்களில்தான் கவனம் தளர்கிறது. நவராத்திரியில் கொலுவுக்கோ சரஸ்வதி பூசைக்கோ உறவினர் வீட்டுக்கு எடுத்துப்போகும்போதும் அப்படியே. சென்னைக்குப் போகிறவர் பெட்டியிட்டு, பெல்ட் பூட்டி, இரண்டு முறை சரிபார்க்கிறார். சில கிலோமீட்டர் போகிறவர் ஒரு புடவையைச் சுற்றிப் பின் இருக்கையில் சாய்த்துவிடுகிறார். வேகத்தடைக்கு இந்த இரண்டு பயணமும் ஒன்றுதான்.

வெப்பம்

மோதலைவிட அடிக்கடி வீணையைக் கெடுப்பது வெயிலில் நிறுத்திய கார். மெட்டுகளைத் தாங்கும் கறுப்புப் பூச்சு, தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துச் செய்வது. தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியசில் உருகும். அதற்கு வெகு முன்னரே இளகத் தொடங்கும். கறுப்பு நிறமாதலால் வெயில் நேரே பட்டால் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகச் சூடேறும்.

கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் வெளியைவிடச் சுமார் 22 பாகை உயர்கிறது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் செட்டிநாட்டுப் பகல் 38 பாகையைத் தாண்டுவது வழக்கம். இரண்டையும் கூட்டினால் 60 வருகிறது. சாப்பிட இறங்கி அரை மணியில் திரும்பிவிடுவோம் என்ற கணக்கு இங்கே செல்லாது. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பதாலும் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை.

இளகிய மெழுகில் மெட்டு ஒரு மயிரிழை சாய்ந்தாலும் போதும். சுரம் பிசகும், அல்லது தந்தி அடுத்த மெட்டில் உரசி இரையும். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. 24 மெட்டுகளையும் எடுத்து, மெழுகை மறுபடி வார்த்து, காதால் கேட்டு ஒவ்வொன்றாகப் பதிப்பது தேர்ந்த கைவினைஞர் பொறுமையாகச் செய்யும் வேலை; அதற்கு மறுபடி தஞ்சாவூர்ப் பயணம்.

எனவே வழியில் நிறுத்தினால் வீணையையும் இறக்கி நிழலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். முடியாவிட்டால் ஒருவர் ஏசி ஓடும் காரில் இருக்க வேண்டும். கோடையில் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடுவதுதான் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும் திட்டம். ஏசியின் குளிர்காற்று நேரே வீணையில் படுவதும் நல்லதல்ல. சூட்டிலிருந்து திடீர்க் குளிருக்குப் போனால் மரம் சட்டென்று ஈரம் இழந்து சுருங்கும். தந்திகளை முறுக்கும் பிரடைகள் துளையில் நழுவிச் சுருதி நிற்காது. காற்று வரும் வாயைத் திருப்பிவிட்டு, பெட்டிக்கு மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தினால் வெயிலுக்கும் குளிர்காற்றுக்கும் காப்பு.

தூய்மை

வீணைக்கும் காருக்கும் ஒன்றால் மற்றொன்று அழுக்காகும். கறுப்பு மெழுகு இருக்கைத் துணியில் ஒட்டினால் லேசில் போகாது. வீணை வாசிப்போர் இடக்கை விரல்கள் தந்தியில் வழுக்கிச் செல்ல எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். அந்த எண்ணெய்ச் சிமிழை வீணைப் பெட்டிக்குள் வைத்துச் செல்வது பெரும் தவறு. அது கவிழ்ந்தால் உறையின் பஞ்சும் மரத்தின் மெருகும் கெடும். அதைத் தனி டப்பாவில் இட்டுக் கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

மறுபக்கம், செம்மண் தூசு எண்ணெய்ப் பிசுக்குள்ள தந்தியில் படிந்து இறுகும். எஃகுத் தந்தியில் வியர்வை ஈரமும் சேர்ந்தால் துரு பிடிக்கும். புறப்படுமுன் தந்திகளையும் மெட்டுகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு உறையிட வேண்டும். ஈரத் துணி கூடாது. பழைய வேட்டித் துணி இதற்கு மிகவும் ஏற்றது. மழைக்காலத்தில் கெட்டிப் பெட்டியே சிறந்தது; துணி உறையானால் மேலே ஒரு ரெக்சின் விரிப்பு வேண்டும். நனைந்த உறைக்குள் வீணையை விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே சேர்ந்தவுடன் உறையைத் தனியே காயவிட வேண்டும். பூசைக்கு வைத்த வீணையானால் சந்தனம், குங்குமம், பூ ஆகியவற்றை எடுத்துத் துடைத்த பின்பே ஏற்ற வேண்டும். குங்குமம் மெருகில் கறையாக இறங்கிவிடும்.

சட்டம்

சன்னல் வழியாக யாளியை வெளியே நீட்டிக்கொண்டு செல்வது சட்டப்படியும் தவறு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, வண்டியின் உடலைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ அனுமதித்த அளவுக்கு மேல் நீளும் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. முன் இருக்கையில் வீணையைச் சாய்த்து வைப்போர், கியரையும் இடப்பக்கக் கண்ணாடியையும் அது மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பெல்ட் பூட்டாமல் வைத்தால் 2019 ஜூலைக்குப் பின் வந்த கார்களில் எச்சரிக்கை ஒலி விடாமல் ஒலிக்கவும் கூடும்.

சென்று சேர்ந்தபின்

இறக்கும்போது ஒரு கை குடத்தின் அடியிலும் மறுகை தண்டியின் நடுவிலும் இருக்க வேண்டும். யாளியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பெட்டியைத் திறக்குமுன் அரை மணியாவது அறைக்காற்றில் விடுவது நல்லது. பிறகு குதிரை இடம் மாறவில்லை என்று பார்த்து, சுரைக்காயைப் பூட்டி, தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். ஒரே தந்தியை முழுச் சுருதிக்கு ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் குதிரை ஒருபக்கம் சாயும். ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு மெட்டிலும் தந்தியை அழுத்தி மெதுவாக மீட்டிப் பார்த்தால், வழியில் மெழுகு இளகியிருந்தால் அது எந்த மெட்டு என்று அப்போதே தெரிந்துவிடும்.