விலை குறிக்காத வாக்குறுதி: ஈக்விட்டபிள் காப்புறுதிச் சங்கத்தின் வரலாறு

காப்புறுதிக் கழகம் விற்கும் சரக்கு வாக்குறுதி ஒன்றே. இன்று கட்டணம் பெற்றுக்கொண்டு, முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பணம் தருவதாக அது சொல்கிறது. அச்சொல் பிழையாதிருக்கவே பங்குகளிலும் அரசாங்கக் கடன்பத்திரங்களிலும் நிலபுலன்களிலும் முதலீடு செய்கிறது. இவற்றோடு, அண்மைக் காலத்தில், ‘சார்பு ஒப்பந்தம்’ என்னும் புதுவகையும் சேர்ந்துள்ளது. வட்டி, பங்கு விலை போன்ற ஒன்றன் ஏற்றத்தாழ்வைச் சார்ந்து தன் மதிப்பைப் பெறுவதால் அதற்கு இப்பெயர். காப்புறுதிக் கழகத்துக்கு இஃது ஏன் வேண்டும் என்பதை இங்கிலாந்தின் ஈக்விட்டபிள் சங்கத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

கணக்கில் பிறந்த சங்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டனில் ஜேம்ஸ் டாட்சன் என்னும் கணித ஆசிரியர் வாழ்ந்தார். அந்நாளில் நடைபெற்றுவந்த அமிக்கபிள் என்னும் சங்கம், வயது 45ஐக் கடந்துவிட்டது என்று கூறி அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. வயது ஏறியவரை விலக்குவானேன்? அவரவர் வயதுக்கேற்ற கட்டணம் வாங்கினால் போதாதா? இவ்வாறு எண்ணிய டாட்சன், இறப்புக் கணக்கேடுகளை ஆராய்ந்து கட்டண முறையொன்றை வகுத்தார். 1757இல் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழியில் 1762இல் ஈக்விட்டபிள் சங்கம் தோன்றியது. அதற்குப் பங்குதாரர் இல்லை, உறுப்பினரே உரிமையாளர். ஒவ்வோர் இடருக்கும் கணக்கிட்டு விலை குறிப்பதே அதன் பிறவிக் கொள்கை எனலாம்.

கட்டணமின்றிக் கொடுத்த உரிமை

1950களின் பிற்பகுதி முதல் 1988 வரை அச்சங்கம் விற்ற ஓய்வூதியப் பத்திரங்கள் பலவற்றில் ஒரு விதி இருந்தது. ஓய்வு பெறும் உறுப்பினர், திரண்ட சேமிப்பைக் கொண்டு, சாகும்வரை ஆண்டுத்தொகை பெறலாம். சந்தை நிலவரம் எப்படியிருப்பினும், அத்தொகை குறிப்பிட்ட ஒரு வீதத்துக்குக் குறையாது. சந்தையில் அதைவிட மிகுதியாகக் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 100 பவுண்டுக்கு ஆண்டுதோறும் 11 பவுண்டு என்று உறுதி கூறியிருந்தால், சந்தை வீதம் 8 ஆக இறங்கினும் சங்கம் 11 பவுண்டு கொடுத்தே தீரவேண்டும்.

இத்தகைய உரிமையை நிதித்துறையார் ‘விருப்புரிமை’ என்பர். வேண்டும்போது பயன்படுத்தலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். இலாபம் பெற்றவருக்கு, நட்டம் கொடுத்தவருக்கு. 1974இல் பிரிட்டனின் நீண்டகால வட்டி 15 விழுக்காட்டையும் தாண்டி நின்றது. வட்டி அவ்வளவு உயர்ந்திருந்தபோது இவ்விதி வெறும் அலங்காரமாகவே தோன்றியது. அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கப்படவில்லை. போதிய பணம் ஒதுக்கிவைக்கப்படவுமில்லை. ஈட்டியதை உறுப்பினருக்கே பகிர்ந்தளித்து, பெரிய சேமநிதி வைக்காதிருந்ததையே சங்கம் தன் பெருமையாகக் கருதிற்று.

1990களில் வட்டி இறங்கிற்று. மக்களின் ஆயுளும் நீண்டது. 1993 அளவில் சந்தை வீதம் உறுதி கூறிய வீதத்துக்குக் கீழே சென்றது. அலங்காரம் கடனாயிற்று.

விலை காணும் கலை

வாக்குறுதிக்கு விலை காணும் கலை இதற்குள் வளர்ந்துவிட்டிருந்தது. 1973இல் சிக்காகோவில் விருப்புரிமைச் சந்தை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பிளாக், ஷோல்ஸ் என்னும் இரு அறிஞர் விருப்புரிமையின் விலையைக் கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டனர். 1976இல் பிரெனன், ஷ்வார்ட்ஸ் இருவரும், பங்குகளோடு இணைந்த ஆயுள் பத்திரத்தில் தரப்படும் உத்தரவாதமும் ஒரு விருப்புரிமையே என்றும், அதற்கும் அவ்வாறே விலை காணலாம் என்றும் காட்டினர். 1981இல் உலக வங்கியும் ஐ.பி.எம். நிறுவனமும் தம் கடன் பொறுப்புகளை மாற்றிக்கொண்டன. அதன்பின் பரிமாற்ற ஒப்பந்தச் சந்தை விரைந்து பெருகியது.

அச்சந்தையில் பிறந்த ஒருவகை ஒப்பந்தம் காப்புறுதிக் கழகத்துக்கு ஏற்றது. கழகம் ஒரு வங்கிக்குக் கட்டணம் செலுத்தி, பிற்காலத்தில் வட்டி எவ்வளவு இறங்கினும் இன்னின்ன வீதத்தில் வட்டி பெறும் உரிமையை முன்கூட்டியே வாங்கிவைக்கும். வட்டி இறங்கினால் அவ்வுரிமையின் மதிப்பு ஏறி, உறுப்பினருக்குக் கொடுக்கவேண்டிய கூடுதல் தொகையை ஈடுசெய்யும். இறங்காவிடில் போவது கட்டணம் மட்டுமே. காப்புறுதிக் கழகமே காப்புறுதி வாங்கிக்கொள்வது போன்றது இது. ஆயினும் இது முழு மருந்தன்று. மனிதர் நெடுநாள் வாழ்வதால் வரும் செலவை இவ்வொப்பந்தம் தாங்காது. பிரிட்டனின் வேறு சில கழகங்கள் 1990களின் பிற்பகுதியில் இவற்றை வாங்கின. அப்போது வட்டி வெகுவாக இறங்கியிருந்தமையால் விலையும் ஏறியிருந்தது. வெள்ளம் வருமுன் அணை கோலினால் செலவு குறைவு.

வீழ்ச்சி

ஈக்விட்டபிள் வேறு வழியை நாடியது. உறுதி வீதத்தைக் கேட்டவர்களுக்கு இறுதி ஊக்கத்தொகையைக் குறைத்து, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்தது. வழக்கு எழுந்தது. 2000 ஜூலை 20ஆம் நாள், இது செல்லாது எனப் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். இதனால் சுமார் 150 கோடி பவுண்டு சுமை விழுந்தது. சங்கத்தை விலைக்கு வாங்க எவரும் முன்வரவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் அது புதிய உறுப்பினருக்குக் கதவடைத்தது. 2001 ஜூலையில் ஓய்வூதியப் பத்திரங்களின் மதிப்பு 16 விழுக்காடு வெட்டப்பட்டது. பங்குதாரர் இல்லாத சங்கமாதலின், உத்தரவாதமே பெறாத உறுப்பினரும் மற்றவர்க்கான நட்டத்தைச் சுமக்க நேர்ந்தது. முதுமைக்கென்று சேமித்தவர்க்கு இழந்ததை மீண்டும் ஈட்ட வயதில்லை. 2010இல் பிரிட்டிஷ் அரசு 150 கோடி பவுண்டு இழப்பீடு அறிவித்தது. அது பலரின் இழப்பில் ஒரு பகுதியையே ஈடுசெய்தது. 2020 தொடக்கத்தில் எஞ்சிய பத்திரங்கள் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன.

மறுபக்கம்

சார்பு ஒப்பந்தம் என்றாலே காவல் என்று கொள்வதும் பிழை. அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி. காப்புறுதிக் குழுமத்தின் ஒரு கிளை, வீட்டுக்கடன் சார்ந்த பத்திரங்கள் முறிந்தால் ஈடுசெய்வதாகப் பெருந்தொகைக்கு ஒப்பந்தங்களை விற்றது. வீட்டு விலை சரிந்தபோது கொடுக்கப் பணமில்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடனளித்து அதனைத் தாங்கவேண்டியதாயிற்று. ஈக்விட்டபிள் வாங்கவேண்டிய காவலை வாங்காமல் கெட்டது, ஏ.ஐ.ஜி. தாங்க இயலாத காவலை விற்றுக் கெட்டது. 2016 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய விதி, இடரைக் குறைக்கவோ முதலீட்டைச் செம்மையாக நடத்தவோ உதவும் அளவுக்கே இவ்வொப்பந்தங்களைக் காப்புறுதிக் கழகங்களுக்கு அனுமதிக்கிறது.

கருவி வாளும் ஆகும், கேடயமும் ஆகும். கழகம் தான் சொன்ன சொல்லின் விலையை முதலில் அறிந்திருந்தால்தான் அது கேடயமாகும். டாட்சன் வகுத்த பாடம் அதுவே. அவர் கணக்கில் பிறந்த சங்கம், அந்த ஒரு கணக்கைப் போடாமையால் வீழ்ந்தது.