தங்கத்தின் அடியில்

"பத்து வருஷம் தாண்டிவிட்டது, மாற்றிவிடலாம்" என்றார் பல் மருத்துவர். வேர் சிகிச்சைக்குப் பின் எனக்குப் போடப்பட்ட இரண்டு பல் மூடிகளைப் பற்றிய பேச்சு அது. மேல்வரிசை முன்பல்லில் ஒன்று, கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒன்று. ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். ஆண்டுக் கணக்கைத் தவிர வேறு காரணம் எதையும் அவர் சொல்லவில்லை. வயதானதாலேயே ஒன்று பழுதாகிவிடும் என்ற வாதத்தை நாற்பதுகளில் இருக்கும் ஒருவன் அத்தனை எளிதில் ஏற்பதில்லை. வீடு திரும்பிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் பெரும்பகுதி மருத்துவமாக அல்லாமல் வரலாறாக இருந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு மகுடம் என்று பெயர். நாம் கேப் என்கிறோம், மூடி என்கிறோம். முடிக்கும் மூடிக்கும் ஒரு நெடில்தான் வேறுபாடு என்றாலும், பொருள் பொருந்துவது நம் தெருச்சொல்லுக்குத்தான். முடி, அணிந்தவரை உலகுக்குக் காட்டுவது. மூடி, உள்ளிருப்பதை மறைப்பது. இந்த வரலாறு முழுவதும் அந்த மறைப்பைப் பற்றியதே.

1746இல் பிரான்சைச் சேர்ந்த க்ளோத் மூத்தோன் என்ற பல் மருத்துவர், சிதைந்த பல்லின் மேல் தங்க உறை போடும் முறையைத் தம் நூலில் விவரித்தார். முன்பற்களின் தங்கத்துக்கு வெள்ளைப் பூச்சு தரலாம் என்றும் சொன்னார். ஆனால் தங்க மூடி பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவில். மெல்லிய தங்கத் தகட்டை அச்சில் வைத்து அடித்துக் கிண்ணம்போல் ஆக்கி, பல்லின் மேல் ஒட்டுவார்கள். பல்லை இன்றைப்போல் அளவாகச் செதுக்கும் வழக்கம் அப்போது இல்லை. ஆகவே மூடியின் விளிம்பு, அளவு தப்பிய வளையல்போலப் பல்லை விட்டு விலகி ஈறுக்குள் நிற்கும். உணவும் கிருமியும் அந்த இடுக்கில் குடியேறும். மேலே தங்கம் மின்னிக்கொண்டிருக்கும்.

1910 அக்டோபரில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், கனடாவின் மான்ட்ரியல் நகரில், மக்கில் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களிடையே ஓர் உரை நிகழ்த்தினார். சீழின் மேல் எழுப்பிய தங்கக் கல்லறை என்ற பொருள்பட அவர் இத்தகைய பல் வேலையைச் சாடினார். ரத்தசோகை, வயிற்று நோய் என்று காரணம் புரியாத பல நோய்களின் ஊற்று அங்கேதான் இருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு லான்செட் இதழில் உரை வெளியானது. ஹண்டர் பார்த்தது மெய். விளிம்பு பொருந்தாத மூடிக்கடியில் பல் அழுகத்தான் செய்தது. ஆனால் அவர் காலத்தவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு விபரீதமானது.

மூடி போட்ட பல், நரம்பு செத்த பல் எல்லாமே சந்தேகத்துக்குரியவை ஆயின. மூட்டுவலிக்கு வந்தவரின் பற்களைப் பிடுங்கினார்கள். நியூஜெர்சி மாநிலத்தின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற தலைமை மருத்துவர், மனநோய்க்கும் இதுவே மூலம் என்று நம்பி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். அத்துடன் நில்லாமல் டான்சில், குடல் என்று அறுவையில் இறங்கினார். பலர் இறந்தனர். தன் பிள்ளைகளின் பற்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. கயமையைக் காட்டிலும் நம்பிக்கை ஆபத்தானது என்று எனக்குத் தோன்றிய இடம் இது.

எதிர்த்தவர்களில் ஒருவர் நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ். 1896லேயே பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கியவர். படத்தில் தெரியும் நிழலையெல்லாம் நோய் என்று வாசித்துப் பற்களைப் பிடுங்குவதை 1920இல் வன்மையாகக் கண்டித்தார். அந்தக் கதிர்களே அவரைத் தின்றுகொண்டிருந்தன. விரல்களையும் பின்னர் கையையும் இழந்து, 1928இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மூட்டுவாத நோயாளிகள் 200 பேரை ஆராய்ந்த ஓர் அறிக்கை 1938இல் வெளியானது. பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் நோய் தீரவில்லை என்றது அது. அதை எழுதியவர்களுள் ஒருவரான ரஸ்ஸல் சீசில் அந்தக் கொள்கையை முன்பு ஆதரித்தவர். அதன் பிறகே வேகம் தணிந்தது.

இத்தனைக்கும் மாற்று வழி ஹண்டர் பேசுவதற்கு முன்பே பிறந்திருந்தது. 1907இல் வில்லியம் டாகார்ட், மெழுகில் வடிவம் செய்து, அதைச் சுற்றி அச்சு அமைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் தங்கத்தை வார்க்கும் முறையைப் பல் மருத்துவர்களுக்குச் செய்துகாட்டினார். நம் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் உருவான அதே மெழுகு வார்ப்பு முறைதான். சுவாமிமலை ஸ்தபதிகள் கேட்டால் சிரிப்பார்கள். (டாகார்டின் காப்புரிமையும் நிலைக்கவில்லை. அவருக்கு முன்பே, 1897இல், அயோவாவில் ஒருவர் இதை விவரித்திருந்தார்.) தகட்டை அடித்து ஒட்டிய இடத்தில், பல்லின் அளவுக்கே வார்த்த உலோகம் வந்தது. விளிம்பு பொருந்தியது.

அன்று முதல் இன்றுவரை கேள்வி விளிம்பில்தான் இருக்கிறது. மூடி ஆடுகிறதா, கடிக்கும்போது வலிக்கிறதா, ஓரத்தில் உணவு சிக்குகிறதா, வாடை வருகிறதா, விளிம்பை ஒட்டிச் சொத்தை தொடங்கியிருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். பீங்கானில் சின்னச் சில்லு பெயர்ந்தால் பல நேரம் தேய்த்தே சரிசெய்துவிடலாம். ஆண்டுக் கணக்கு மட்டும் காரணமாகாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் சொந்தப் பல் கொஞ்சம் குறைகிறது. வலி இல்லை என்பதும் சான்றாகாது. நரம்பை எடுத்த பல் எப்படி வலிக்கும்? எக்ஸ்ரேயும் உலோகத்தை ஊடுருவிக் காட்டாது, ஓரத்தைத்தான் காட்டும்.

வேறொரு மருத்துவரிடம் போனேன். முன்பல்லின் ஈறோரத்தில் தெரிந்த கறுப்புக் கோடுதான் என் கவலை. "ஈறு இறங்கியதால் உள்ளே இருக்கும் உலோகம் தெரிகிறது சார், வேறொன்றுமில்லை. அப்படியே இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. பிறகு நான் குறை எதுவும் சொல்லாத கடைவாய்ப் பல்லுக்கு வந்தார். கொக்கிமுனைக் கருவியை மூடியின் விளிம்போடு மெல்ல நகர்த்தினார். நாக்குப் பக்கம் வழுக்கிச் சென்றது. கன்னத்துப் பக்கம், பின் ஓரத்தில், சிக்கிக்கொண்டு நின்றது.

அடுத்த வாரம் மூடியைக் கீறிக் கழற்றினார்கள். மரத்துப்போன வாயில் வலி ஏதும் தெரியவில்லை. வாடை மட்டும் வந்தது. "பாதிக்கு மேல் பல் மிச்சம் இருக்கிறது, காப்பாற்றிவிடலாம்" என்று சொல்லிவிட்டு, கறுத்த பகுதியைச் சுரண்டத் தொடங்கினார். கழற்றிய மூடி தட்டில் பளபளவென்று கிடந்தது.