வீட்டு மின்சாதனங்களின் மின்செலவு: சுருளிப்பட்டி வட்டாரம்

வீட்டு மின்செலவு என்பது ஒரு வீட்டிலுள்ள விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, கிரைண்டர், மோட்டார் முதலியவை இழுக்கும் மின்சாரத்துக்காக அந்த வீடு செலுத்தும் கட்டணம். தேனி மாவட்டத்தில், கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் உள்ள சுருளிப்பட்டியில் இது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ‘கரண்ட் பில்’லாக வருகிறது. எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்பதைப் போலவே, எந்த அடுக்கில் அந்த யூனிட் போய் விழுகிறது என்பதும் தொகையைத் தீர்மானிக்கிறது. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பேசும் சிக்கன ஆலோசனைகளால் பல வீடுகளுக்குப் பெரிய பயன் கிடைப்பதில்லை.

மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவர்கள் இவ்வூர் மக்கள். மேகமலைத் தொடரின் இரவங்கலாறு அணை நீர் குழாய் வழியாக இறங்கிச் சுருளியாறு மின்நிலையத்தின் 35 மெகாவாட் இயந்திரத்தைச் சுழற்றுகிறது. இந்நிலையம் 1978இல் செயல்பாட்டுக்கு வந்தது. சுருளி அருவிக்கு நீர் தரும் தூவானம் ஏரியும் அதே மலைமேல்தான் இருக்கிறது. முல்லைப் பெரியாறு நீரைக்கொண்டு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் நான்கு இயந்திரங்கள் ஓடுகின்றன. 35 மெகாவாட் இயந்திரம் முழுத் திறனில் ஒரு மணி நேரம் சுழன்றால் 35,000 யூனிட் கிடைக்கும். ஆனால் அருகில் பிறப்பதால் விலை குறைவதில்லை. எல்லா மின்சாரமும் மாநில மின்தொகுப்பில் கலந்துவிடுவதால் சென்னைக்கும் சுருளிப்பட்டிக்கும் வீட்டுக் கட்டணம் ஒன்றே.

யூனிட்டும் அடுக்கும்

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் எந்தச் சாதனத்தின் கணக்கும் கிடைத்துவிடும். விலைதான் அவ்வளவு நேராக இல்லை.

2016 மே முதல் தமிழ்நாட்டின் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் அடுக்குகள் மாற்றியமைக்கப்பட்டன. 2024 ஜூலையில் விலை மீண்டும் உயர்ந்தது. அந்த 2024 உயர்வின்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.35, 201 முதல் 400 வரை ரூ. 4.70, 401 முதல் 500 வரை ரூ. 6.30. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் ரூ. 2.35 என்ற அடுக்கே காணாமல் போய், 101ஆம் யூனிட்டிலிருந்தே ரூ. 4.70 விழும். 501 முதல் ரூ. 8.40, 601 முதல் ரூ. 9.45, 801 முதல் ரூ. 10.50, ஆயிரத்துக்கு மேல் ரூ. 11.55.

இதன் விளைவைத் தொகையில் பார்த்தால்தான் உறைக்கும். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு ரூ. 1,805. 501 ஓடிய வீட்டுக்கு ரூ. 2,048. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய். ஆகவே சேமிப்பை எப்போதும் மேலடுக்கிலிருந்து எண்ண வேண்டும். ஒரு வீடு குறைக்கும் யூனிட்டுகள் அதன் மிக விலையுயர்ந்த யூனிட்டுகளே.

கணக்கெடுக்க வரும் நாளும் இதில் சேர்கிறது. நாளுக்கு 8 யூனிட் செலவழிக்கும் வீட்டில் 60ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், சுமார் ரூ. 1,679. நான்கு நாள் தள்ளிப்போனால் 512 யூனிட், ரூ. 2,140க்கு மேல். அடுத்த முறை 56 நாளில் எடுத்தால் பில் இறங்கும்தான், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 260 ரூபாய் அந்த வீட்டுக்கு நட்டமே. மீட்டர் கணக்கைக் குறிக்கும் வெள்ளை அட்டையில் முந்தைய ரீடிங் தேதியைப் பார்த்து, ஐம்பதாம் நாள் வாக்கில் மீட்டரைத் தாமே படித்துக்கொள்ளும் வீடுகள் இந்தப் பள்ளத்தில் விழுவதில்லை. எந்தச் செலவும் இல்லாத சிக்கன வழி இது. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்துவிடலாம்.

சத்தமும் செலவும்

எளிய வீடுகளிலும் மின்சாதனங்கள் பரவியதில் அரசுத் திட்டங்களுக்குப் பெரிய பங்குண்டு. 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மேசை மின்விசிறித் திட்டம் தொடங்கியது. அன்றிலிருந்து அதிகம் பழி சுமப்பவை கிரைண்டரும் மிக்சியும். ஓடும்போது வீடே அதிர்வதால் மின்சாரத்தையும் அப்படியே விழுங்கும் என்ற எண்ணம். கணக்கு வேறு. 150 வாட் மேசைக் கிரைண்டர் வாரம் இருமுறை நாற்பது நிமிடம் ஆட்டினால் இரு மாதத்தில் இரண்டு யூனிட்கூட ஆகாது. 500 வாட் மிக்சி நாள்தோறும் கால் மணி நேரம் ஓடினாலும் ஏழரை யூனிட்தான். ஆட்டுக்கல்லை மீண்டும் இறக்குவதால் கரண்ட் பில் குறையாது, பெண்களின் முதுகுதான் வலிக்கும்.

உண்மையான செலவு சத்தமில்லாமல் மணிக்கணக்காக ஓடுபவற்றில் இருக்கிறது. முதல் இடம் மின்விசிறிக்கு. பழைய வகை சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரு மாதத்துக்கு 54 யூனிட். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள புதிய ஃபேன் ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருவதால் 22 யூனிட் போதும். இரண்டு ஃபேன்களை மாற்றினால் 65 யூனிட் மிச்சம்.

அந்த 65 யூனிட் எல்லா வீட்டுக்கும் ஒரே பணம் அல்ல. இரு மாதத்துக்கு 520 யூனிட் ஓடும் வீடு அதைக் குறைத்து 455க்கு இறங்கினால் பில் ரூ. 2,208இலிருந்து சுமார் ரூ. 1,521 ஆகிறது, மிச்சம் ரூ. 686. இரண்டு ஃபேனுக்கும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை ஆண்டில் போட்ட காசு வந்துவிடும். 180 யூனிட் ஓடும் சிறிய வீட்டிலோ அதே 65 யூனிட்டின் மதிப்பு ரூ. 153. அங்கே காசு திரும்ப ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். எனவே திராட்சைத் தோட்டத்துக்கு அதிகாலையில் கிளம்பி மாலையில் திரும்பும் கூலித் தொழிலாளியின் வீட்டுக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனைக் கழற்றிப் புதியது போடச் சொல்வது நல்ல ஆலோசனை அல்ல. அது பழுதாகும்போது மாற்றினால் போதும். தடித்த பெட்டிபோன்ற பழைய ரெகுலேட்டர் சுவரில் இருந்தால் அதை மட்டும் முதலில் எடுத்துவிடலாம். வேகத்தைக் குறைத்து வைத்தாலும் மிஞ்சிய மின்சாரத்தை அது சூடாக்கியே வீணடிக்கும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த வீணடிப்பு மிகக் குறைவு.

குளிர்பதனப் பெட்டி நாள் முழுதும் இணைப்பில் இருக்கும் சாதனம். சிறிய ஒற்றைக் கதவுப் பெட்டியின் லேபிளில் ஆண்டுக்கு 180 யூனிட் என்று இருந்தால் இரு மாதத்துக்கு 30 என்று கொள்ளலாம். அது பெட்டி நல்ல நிலையில் இருக்கும்போது. 120 வாட் கம்ப்ரசர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 58 யூனிட். கதவு ரப்பர் தளர்ந்து ஓய்வே இல்லாமல் ஓடினால் 170ஐத் தாண்டும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். பெட்டியின் பின்புறம் சுவரோடு ஒட்டக் கூடாது, அடுப்பின் பக்கமும் வெயில் விழும் சன்னல் பக்கமும் ஆகாது. பனிக்கட்டி கனமாகப் படிய விடுவதும், ஆறாத குழம்பை உள்ளே வைப்பதும் கம்ப்ரசரை வருத்தும். ஒரு வாரத்து இட்லி மாவை மொத்தமாக ஆட்டி வைக்கும் பழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறைந்த பெட்டி கதவு திறக்கும்போது குளிரை எளிதில் இழக்காது, உள்ளே காற்று சுழல இடம் விட்டால் போதும்.

வெந்நீர்தான் பலரும் கவனிக்காமல் விடும் பெரிய செலவு. 15 லிட்டர் வாளி நீரை 25 டிகிரி சூடேற்றக் கிட்டத்தட்ட அரை யூனிட் ஆகும். ராடு போட்டாலும் கீசர் போட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. நால்வர் உள்ள வீட்டில் நாளுக்கு நான்கு வாளி என்றால் இரு மாதத்துக்கு 120 யூனிட். கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழிக் குளிர் உண்மையான குளிர்தான், மலையடிவாரத்தில் இன்னும் கூடுதல். குளிருக்கு வெந்நீர் வேண்டும். பங்குனி சித்திரையிலும் பழக்கத்தால் சுவிட்சைப் போடுவதை நிறுத்தலாம். கீசரை முன்னதாகப் போட்டுவிட்டு மறப்பதும் வீண். ராடு வைத்த வாளியில் சுவிட்சை அணைக்காமல் கை வைப்பது உயிருக்கே ஆபத்து.

குளிர்சாதனம் வந்த வீட்டில் மற்றவையெல்லாம் சிறு கணக்காகிவிடும். ஒன்றரை டன் இயந்திரம் ஓர் இரவுக்கு 6 முதல் 10 யூனிட் இழுக்கும். 24 டிகிரியில் வைத்து மெல்லிய ஃபேனும் ஓடவிட்டால், 18இல் வைப்பதைவிடப் பெருமளவு குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு. ஆனி ஆடியில் கணவாய்க் காற்று வீசும் இவ்வட்டாரத்தில் அந்த மாதங்களுக்கு இந்த இயந்திரமே தேவைப்படாத வீடுகள் பல.

விளக்குகளில் பெரும்பாலும் வேலை முடிந்துவிட்டது. 60 வாட் குண்டு பல்பின் இடத்தில் 9 வாட் எல்.இ.டி. வந்துவிட்டது. மாட்டுக்கொட்டகையிலும் மொட்டை மாடியிலும் எஞ்சியிருக்கும் பழைய டியூப்லைட்டின் சோக், விளக்கின் 40 வாட்டுக்கு மேல் தானும் பத்து வாட்டுக்கு மேல் தின்னும். தொலைக்காட்சியை அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் விழித்திருக்கும். அது 10 வாட் இழுத்தால் இரு மாதத்துக்கு 14 யூனிட்.

மீட்டரைப் படித்தல்

இன்றைய மின்னணு மீட்டரில் விட்டுவிட்டு ஒளிரும் சிறு சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை ஒளிரும் என்பது முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்; 3,200 என்பது பரவலாகக் காணப்படும் எண். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு சாதனத்தை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் ஒளிர்வதை எண்ணினால் அதன் வாட் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 40 முறை என்றால் மணிக்கு 2,400. 3,200ஆல் வகுத்தால் முக்கால் யூனிட், அதாவது 750 வாட். எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு சாதனம் இணைப்பில் இருக்கிறது அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரச் சுவருள்ள பழைய வீடுகளில் இந்தக் கசிவு பணத்தைவிடப் பெரிய ஆபத்து. உடனே எலெக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சோதிக்க வேண்டும்.

புதிதாக வாங்குவோருக்கு நட்சத்திரக் குறியீடு உதவும். 2002இல் அமைந்த எரிசக்தித் திறன் பணியகம் இதை 2006இல் தொடங்கியது. சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் கட்டாயம். நட்சத்திரங்களின் அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. கடையில் நட்சத்திரத்தை எண்ணுவதோடு, லேபிளில் உள்ள யூனிட் எண்ணையும் செல்லுபடி ஆண்டையும் பார்ப்பதே சரி.

தோட்டமும் வீடும்

சுருளிப்பட்டி திராட்சை ஊர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலுக்கு நீர் பாய்ச்சும் வேளாண் இணைப்புகளுக்கு மின்சாரம் இலவசம். அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கு வயர் இழுப்பது சட்டப்படி முறையற்ற பயன்பாடு. பிடிபட்டால் கட்டும் தொகை பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கும். வீட்டுத் தொட்டிக்கு நீரேற்றும் அரை குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு அரை மணி நேரம் ஓடினாலும் இரு மாதத்துக்கு 18 யூனிட் அளவில்தான் ஆகும். அதற்காக யாரும் சட்டத்தை மீற வேண்டியதில்லை. தொட்டி நிரம்பி வழியாமல் பார்த்துக்கொண்டாலே போதும். சுற்றிலும் மோட்டார்கள் ஒன்றாக ஓடும் வேளையில் மின்னழுத்தம் இறங்கினால் வீட்டு மோட்டாரும் கம்ப்ரசரும் அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். அந்நேரத்தில் தொட்டி ஏற்றாமல் இருப்பது மோட்டாரின் ஆயுளுக்கு நல்லது.

கூரைமேல் சூரியத் தகடு

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ. 30,000, மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ. 78,000 மானியம் உண்டு. ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட், இரு மாதத்துக்கு 240 யூனிட் தரும் என்று கொள்ளலாம். பள்ளத்தாக்கில் மேகம் மூடும் பருவங்களில் இது குறையும். மானியம் போகக் கைக்காசு ரூ. 35,000 என்று வைத்துக்கொண்டால், இரு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீட்டின் பில் வெறும் ரூ. 235 என்பதால் போட்ட பணம் திரும்ப இருபத்தைந்து ஆண்டு ஆகும். தகட்டின் ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதான். 700 யூனிட் ஓடும் வீடோ ரூ. 3,825 கட்டுகிறது. தகடு வைத்த பின் மீட்டரில் எஞ்சும் 460 யூனிட்டுக்கு ரூ. 1,553 ஆகும், பிற இணைப்புக் கட்டணங்கள் நீங்கலாக மூன்று ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். ஆகவே இவ்வட்டாரத்தில் தகடு முதலில் ஏற வேண்டிய கூரைகள், இரு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தொடர்ந்து தாண்டும் வீடுகளின் கூரைகள்.