'வீடு' என்றொரு முன்னனுமானம்

1896இல் பம்பாயில் பிளேக். 1897 பிப்ரவரியில் காலனிய அரசு கொள்ளைநோய்ச் சட்டம் போட்டது. மொத்தமே நாலு பிரிவுதான். ரயிலில் வருகிற உடலைச் சோதிக்கலாம், சந்தேகப்பட்டால் பிரித்துவைக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்த அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது. நோயாளியின் உரிமை பற்றி ஒரு வரி கிடையாது.

இதையும் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் மத்திய அரசு கொரோனாவை எதிர்கொண்டது. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு. வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்பதே அந்தச் சொல்லாடலின் மையம்.

எந்த வீடு? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் இளைஞர்களின் ரூம்களை நான் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் நைட் ஷிப்டுக்குப் போவதால்தான் மீதிப்பேருக்குப் படுக்க இடம். ஷிப்டு நின்றால் அத்தனை பேரும் ஒரே ரூமில். இதில் எங்கேங்க இடைவெளி விடுறது?

பிடித்தம் இல்லாமல் கூலி கொடுக்கச் சொல்லி மார்ச் 29இல் உள்துறை உத்தரவிட்டது. மே 18 முதல் அதுவும் செல்லாது.

செப்டம்பர் 14, மக்களவை. ஊர் திரும்பிய தொழிலாளர் ஒரு கோடிக்கும் மேல் என்று மாநிலவாரியாகக் கணக்குக் கொடுத்த தொழிலாளர் அமைச்சகம், வழியில் செத்தவர்களுக்கு மட்டும் கணக்கு இல்லை என்றது.