கப்பல்ல போகணுமா? முதல்ல இன்ச் டேப் எடுங்க! - வீல்சேர் பயணிகளுக்கான க்ரூஸ் கைடு

ரீல்ஸ் பார்த்துட்டு இருக்கும்போது திடீர்னு ஒரு சொகுசுக் கப்பல் வரும். மேல்தளத்துல நீச்சல் குளம், சுத்திலும் நீலக்கடல், கையில ஜூஸ். 'நாமளும் ஒருமுறை போகணும்'னு தோணும். அடுத்த செகண்டே, "வீல்சேரை வெச்சுக்கிட்டு கப்பலா? அதெல்லாம் நமக்கு சரிப்படாதும்மா"னு வீட்டுல இருந்து ஒரு குரல் வரும்.

சரிப்படும். சொல்லப்போனா, மலைப்பிரதேச டூரைவிட கப்பல் பயணம் ஈஸி. ஒருமுறை ஏறிட்டா ரூம், சாப்பாடு, ஷோ எல்லாமே லிஃப்ட்ல போற தூரம்தான். தினமும் பெட்டி கட்டி, பஸ் படி ஏறி இறங்குற வேலை இல்லை. பெரும்பாலும் சிக்கல் வர்ற இடங்கள் நாலு: கேபின் கதவு, பாத்ரூம் வாசல், கப்பல்ல ஏறும் பாலம், நடுக்கடல்ல இறக்கிவிடும் படகு. இந்த நாலையும் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே அளந்து, கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரங்களுக்கு அளவோட அருமையைத் தனியா சொல்ல வேண்டியதில்லை. 'ஏறக்குறைய சரியா இருக்கும்'னு சொல்லி எந்த ஷூ கம்பெனியும் ஷூ தைக்காது. கேபின் விஷயத்துலயும் அதே கறார் வேணும்.

எங்கிருந்து கிளம்பலாம்?

நமக்குப் பக்கம், சென்னைத் துறைமுகம். 2022 ஜூன்ல கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் சேவையை முதல்வர் மு.க.ஸ்டாலின் இங்கேதான் தொடங்கி வைத்தார். 2023-ல் இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்களுக்கும் போனது. சீசனுக்கு ஏற்ப கப்பல் புறப்படும் ஊர் மாறும் என்பதால், தேதியைப் பார்த்துட்டு பிளான் பண்ணுங்க. இலங்கைன்னா பாஸ்போர்ட், விசா நடைமுறை ரெண்டும் உண்டு.

அடுத்த சாய்ஸ், சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவது. விமான டிக்கெட் போடும்போதே வீல்சேர் உதவியைக் கேட்டுடுங்க. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணும். அதுல மூணு வகை இருக்கு. படி ஏற முடியும், ஆனா தூரம் நடக்க முடியாதுன்னா 'டபிள்யூ.சி.ஹெச்.ஆர்.' படி ஏற முடியாது, ஆனா விமானத்துக்குள்ள சீட் வரை நடக்க முடியும்னா 'டபிள்யூ.சி.ஹெச்.எஸ்.' நடக்கவே முடியாதுன்னா 'டபிள்யூ.சி.ஹெச்.சி.' தப்பான வகையைச் சொன்னா, சீட் வரை தூக்கிட்டுப் போக ஆள் இருக்க மாட்டாங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியவை

போன்ல கேட்டா, "எல்லாம் இருக்கு சார், நோ ப்ராப்ளம்"னுதான் பதில் வரும். அந்த பதில் துறைமுகத்துல செல்லாது. அதனால மெயில்லயே கேளுங்க, பதிலையும் மெயில்லயே வாங்குங்க.

1. கேபின் கதவு எத்தனை இன்ச்? பெரியவங்களுக்கான சாதாரண வீல்சேரின் அகலம் பொதுவா 25 முதல் 27 இன்ச். பல கப்பல்கள்ல சாதாரண கேபின் கதவு 22, 23 இன்ச்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான கேபின்ல சுமார் 32 இன்ச் இருக்கும். இந்த வகை கேபின்கள் ஒரு கப்பலுக்குக் கொஞ்சம்தான் என்பதால் சீக்கிரமே காலியாகிடும்.

2. பாத்ரூம் வாசல்ல படி இருக்கா? தண்ணி வெளியே வராம இருக்க உயரமா ஒரு தடுப்பு வெச்சிருப்பாங்க. வீல்சேரோட நேரா உள்ளே போகும் ஷவர், உட்கார சீட், கைப்பிடி இருக்கானு போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

3. உள்ளே திரும்ப இடம் இருக்கா? வீல்சேர் முழு வட்டம் அடிக்க சுமார் 5 அடி வேணும். கட்டிலின் உயரத்தையும் கேளுங்க.

4. எந்த ஊர்ல படகு மூலம் இறக்குவாங்க? லட்சத்தீவின் பல தீவுகள்ல பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. கடல்ல நிறுத்தி, சின்ன படகுல மாத்துவாங்க. அலை அதிகமா இருந்தா வீல்சேர் பயணிகளை இறக்க மாட்டாங்க. மத்தவங்க தீவு சுத்தும்போது நீங்க கப்பல்லயே உட்கார்ந்திருக்க வேண்டி வரும். கப்பல் நேரடியா கரை சேரும் ரூட்டைத் தேர்ந்தெடுத்தா இந்த ஏமாற்றம் இல்லை.

5. பேட்டரி வீல்சேருக்கு அனுமதி உண்டா? பேட்டரி வகையையும் எடையையும் எழுதி அனுப்புங்க. வீல்சேரை வராண்டாவுல நிறுத்த விட மாட்டாங்க. கேபினுக்குள்ளதான் வெச்சு சார்ஜ் போடணும்.

6. காது கேளாதவர்களுக்கு என்ன ஏற்பாடு? அபாய மணி அடிச்சா விளக்கு மின்னுமா, தலையணை அதிருமானு கேளுங்க. பார்வை இல்லாதவங்க, லிஃப்ட்ல பிரெய்ல் பட்டன் இருக்கானு கேட்கலாம்.

வீட்டிலிருந்து துறைமுகம் வரை

ஆம்பூர்ல பல ரயில்கள் ஓரிரு நிமிஷம்தான் நிற்கும். வீல்சேரோட ஏற அது போதாது. முடிஞ்சா காட்பாடி வரை கார்ல வந்து ரயில் ஏறுங்க. துணை இல்லாம பயணிக்க முடியாத உடல் ஊனமுற்றவர்களுக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் ஸ்லீப்பர், மூணாம் வகுப்பு ஏ.சி-யில் 75 சதவிகிதம், ரெண்டாம் வகுப்பு ஏ.சி-யில் 50 சதவிகிதம் கட்டணச் சலுகை உண்டு. அதுக்கான அட்டையை முன்கூட்டியே வாங்கிடுங்க. உதவிக்கு 139.

கப்பல் கிளம்புற அன்னிக்குக் காலையில ஊர்ல இருந்து புறப்படாதீங்க. ரயில் லேட்டானா கப்பல் காத்திருக்காது. முதல் நாளே சென்னை போய்த் தங்குறது நல்லது. ஹோட்டல் பாத்ரூமையும் இதே மாதிரி விசாரிச்சுட்டு புக் பண்ணுங்க.

கையோட இருக்க வேண்டியவை

பெட்டியைத் துறைமுகத்துலயே வாங்கிப்பாங்க. அது கேபினுக்கு வர சில மணி நேரம் ஆகலாம். மாத்திரை, கத்தீட்டர், டயப்பர், வீல்சேர் குஷன் எல்லாம் கையிலயே இருக்கட்டும். பயண நாளைவிட ரெண்டு மடங்கு ஸ்டாக் எடுத்துக்கோங்க. டாக்டர் சீட்டுல மருந்தின் பொதுப்பெயர் இருக்கணும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இருக்கிற உடல்நலப் பிரச்னையை மறைக்காதீங்க. மறைச்சா க்ளெய்ம் கிடைக்காது.

முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவங்க, எவ்வளவு ஜாலியா இருந்தாலும் அரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது உடம்பைத் தூக்கி, சாய்ச்சு, எடையை மாத்துங்க. ஒரு படுக்கைப்புண் பல மாசத்தைத் தின்னுடும்.

சர்க்கரை நோயாலயோ, தொழுநோயாலயோ பாதத்துல உணர்ச்சி குறைஞ்சவங்க, மதிய வெயில்ல கொதிக்கிற மேல்தளத்துல வெறுங்கால் வைக்கவே கூடாது. இதுக்கான எம்.சி.ஆர் செருப்பைப் பத்தி வேலூர்க்காரங்களுக்குத் தெரியும். சி.எம்.சி., கரிகிரி மருத்துவமனைகளோட பேர் சொல்லும் செருப்பு அது. புதுசா வாங்கினா, ஊர்லயே சில வாரம் போட்டுப் பழகிட்டு கிளம்புங்க.

ஏறினதும் முதல் வேலை

24 மணி நேரத்துக்கு மேல போற கப்பல்கள்ல, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பாதுகாப்புப் பயிற்சி நடத்தியாகணும். 2012-ல் இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் விபத்துக்குள்ளான பிறகு, 2015-லிருந்து வந்த சர்வதேச விதி இது. 'நமக்கெதுக்கு'னு கேபின்லயே இருந்துடாதீங்க. ஆபத்து நேரத்துல லிஃப்ட்டைப் பயன்படுத்த முடியாது. அப்போ உங்களை யார், எப்படி, எந்தப் படிக்கட்டு வழியா கூட்டிட்டுப் போவாங்கனு அன்னிக்கே கேட்டு, அந்த ஊழியரின் முகத்தைப் பார்த்து வெச்சுக்கோங்க.

நம்ம ஊரு டாக்டரம்மா

வேலூர் சி.எம்.சி-யில் டாக்டரா இருந்த மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த கார் விபத்துல இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு சிகிச்சைக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த், மறுவாழ்வு மருத்துவம் படிக்க அமெரிக்காவின் நியூயார்க் எனப் போய் வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது அவர் உழைப்பால்தான். லிஃப்ட், சாய்வுப்பாதை எல்லாம் அரிதா இருந்த காலத்துல அவர் கடல் கடந்து போய் வந்தார். வீட்டுல 'சரிப்படாது'னு சொல்றவங்ககிட்ட இவரைப் பத்திச் சொல்லுங்க.

சொல்லிட்டு, இன்ச் டேப்பை எடுங்க. வீல்சேர்ல உட்கார்ந்து, சக்கரத்தை உருட்டுற மாதிரி கையை வெச்சு, ஒரு முழங்கையில இருந்து இன்னொரு முழங்கை வரை அளந்து எழுதுங்க. அதுதான் உங்க உண்மையான அகலம். முதல் மெயில்ல முதல் வரியா அந்த நம்பர் போகட்டும்!