மண்ணும் தூரிகையும்

ஓவியன் ஒருவனுக்கு ஊர் எது? அவன் பிறந்த இடமா, அவனுடைய முன்னோர் வந்த இடமா, அன்றி அவன் உள்ளம் குடிகொண்ட இடமா? இவ்வினாவுக்கு விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டிலே தோன்றிய ‘43 குழு’ என்னும் ஓவியர் கூட்டத்தின் வரலாறே போதிய சான்றாகும்.

முதலில் அக்காலத்து நிலையை நோக்குவோம். இலங்கைக் கலைச் சங்கமே அந்நாளில் ஓவியத் துறையிற் கோலோச்சியது. ஆங்கில நாட்டுக் கலைக்கூட மரபே அங்கு அளவுகோலாயிற்று. கண்டதைக் கண்டவாறே வரைதல் சிறப்பெனக் கொள்ளப்பட்டது. இந்நிலையை மாற்ற விழைந்தவருள் முதன்மையானவர் லயனல் வென்ட். ஒளிப்படக் கலைஞரும் பியானோ வித்தகருமாகிய அவரது கொழும்பு இல்லத்திலேயே 1943 ஓகஸ்ட் மாதத்தில் இக்குழு உருப்பெற்றது. இதிற் சேர்ந்தோர் ஓர் இனத்தவரோ ஒரு மதத்தவரோ அல்லர். அவருள் மூவரை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

ஜோர்ஜ் கீற் 1901இல் கண்டியிலே பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தார். ஆங்கிலக் கல்வி பெற்றார். ஆயினும், அவர் மனத்தை ஈர்த்தது அயலிலிருந்த மல்வத்தை விகாரை. பௌத்த மரபைப் பயின்ற அவர், பின்னாளில் ஜயதேவரின் கீதகோவிந்தத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1939, 1940ஆம் ஆண்டுகளிற் பொரளைக் கோதமி விகாரைச் சுவர்களிலே புத்தர் பெருமானின் வரலாற்றைத் தீட்டினார். ஐரோப்பிய நவீன ஓவியத்தின் கோட்டு வன்மையும் கீழைத்தேயச் சிற்பத்தின் வளைவும் அவர் கையில் ஒன்றாயின. பிறப்பால் அயலவர் எனச் சிலர் எண்ணக்கூடிய ஒருவர், இந்நாட்டு மரபை உழைத்துத் தமதாக்கிக்கொண்டார்.

மஞ்சுஸ்ரீயின் நிலை இதற்கு மறுதலையானது. குழு தோன்றிய காலத்தில் அவர் காவியுடுத்த பிக்கு. விகாரைச் சுவரோவியம் அவருக்குப் பிறப்புரிமை போன்றது. எனினும் இருந்த இடத்திலேயே அதனைப் பெற்றுவிட்டதாக அவர் எண்ணவில்லை. ஊரூராகச் சென்று, பழைய சுவரோவியங்களைப் பொறுமையுடன் படியெடுத்தார். மூல ஓவியங்கள் பல பின்னர் அழிந்துபட்டன. அவர் எடுத்த படிகள் எஞ்சின. 1979இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

மூன்றாமவர் ஐவன் பீரிஸ். 1953இல் இங்கிலாந்து சென்ற அவர், 1988இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஆனால், அவருடைய ஓவியங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுவன நம் தென்னைகளும் கடற்கரையும் அசைவற்று நிற்கும் மாந்தருமே. கண்ணுக்கு எட்டாத கரையை நெஞ்சு காத்துவைத்திருந்தது. அக்காட்சிகளில் உறையும் மௌனம் பிரிவின் விலை எனலாம்.

இம்மூவரும் நமக்கு உணர்த்துவது யாது? குலமும் சமயமும் ஒருவனுக்குத் தாமே வந்தமைவன. இடத்தின்மீதுள்ள உரிமையோ, கூர்ந்து நோக்குவதனால் மட்டுமே கைகூடுவது. இன்னார்க்கே இம்மண் உரியது என்று பிறப்பை அளந்து பார்க்கும் வழக்கம் இந்நாட்டுக்கு விளைத்த கேட்டை நாம் அறிவோம். கலை அவ்வளவுகோலை ஏற்பதில்லை.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மலையே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், சித்திர வகுப்பிலே பிள்ளைகள் இரு மலைகளையும் அவற்றிடையே எழும் ஞாயிற்றையுமே வரையக் காண்கிறோம். சாளரத்துக்கு வெளியே நிற்கும் பனையையும், வேலியையும், துலாக் கிணற்றையும் நோக்குமாறு அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டும். தன் ஊரைக் கண்ணாரக் கண்ட பிள்ளையே பிறர் ஊரின் அழகையும் மதிக்கக் கற்றுக்கொள்ளும்.